இருக்கைக்குள் சுருண்டிருந்த தாள்

டெட்ராய்ட்டுக்கு வடக்கே, பழைய கார்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் பட்டறை அது. நான் போனபோது 1970ஆம் ஆண்டு டாட்ஜ் சேலஞ்சர் ஒன்றின் பின்னிருக்கையைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இருக்கை தைக்கும் தொழிலிலேயே தலை நரைத்த ஒருவர், உறையை ஸ்பிரிங்குகளோடு பிணைத்திருக்கும் கம்பி வளையங்களை வெட்டிக்கொண்டிருந்தார். பிய்த்து எடுத்தால் சில நிமிட வேலை. அவர் பிய்ப்பதில்லை. ஒரு வளையத்தை வெட்டுவார். சணல் துணியை விரலளவு தூக்குவார். டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். அதன் பிறகுதான் அடுத்த வளையம். ஒரு தாளைத் தேடிக்கொண்டிருந்தார்.

1960களின் நடுவிலிருந்து 70களின் தொடக்கம் வரை, நடுத்தர அளவுக் கார்களில் பெரிய வி-8 என்ஜினைப் பொருத்தி அமெரிக்க நிறுவனங்கள் விற்ற வேகக் கார்களை மஸில் கார் என்கிறார்கள்; சேலஞ்சரையும் அந்த வரிசையில் சேர்ப்பார்கள். ஒரே மாடலுக்குப் பல என்ஜின்கள், பல கியர்பாக்ஸுகள், இருக்கைத் துணிகள், நிறங்கள். வாங்குபவர் கேட்டபடி ஒவ்வொரு காரும் வேறுபடும். அடுத்து வரும் காருக்கு எதைப் பொருத்த வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்ல, குறியீடுகள் அச்சடித்த தாள் ஆலையின் பல பிரிவுகளுக்கும் போகும். பில்ட் ஷீட் என்பது பொதுப்பெயர். டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லரின் கார்க்காரர்கள் பிராட்காஸ்ட் ஷீட் என்பார்கள். வேலை முடிந்ததும் அது வெறும் காகிதம். லைன் நிற்காது, குப்பைத்தொட்டியைத் தேடிப் போகவும் நேரமிருக்காது. கைக்கெட்டிய இடத்தில் செருகினார்கள்: ஸ்பிரிங்குகளுக்குள், கம்பளத்துக்கடியில், குளோவ் பாக்ஸுக்கு மேலே. செவ்ரோலே கார்கள் பலவற்றில் பெட்ரோல் டேங்கின் தலையிலேயே ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் காகிதத்துக்கு இன்று ஏன் இத்தனை மதிப்பு என்பதற்குப் பட்டறையின் மறுகோடியில் நின்ற 1970 செவ்ரோலே ஷெவெல் ஒன்றே போதும். அந்த ஆண்டு 450 குதிரைசக்தி கொண்ட எல்எஸ்6 என்ஜினுடன் ஷெவெல் எஸ்எஸ் வந்தது. ஆனால் எஸ்எஸ் என்பது தனி மாடல் அல்ல, கூடுதல் காசு கொடுத்து வாங்கும் தொகுப்பு. ஷெவெலின் மாலிபு வகையில், இரண்டு கதவுக் காரில் சாதாரண வி-8 வாங்கியவருக்கும் எல்எஸ்6 வாங்கியவருக்கும் கார் எண் 13637 என்றே தொடங்கும். எண்ணைப் பார்த்து எந்த வி-8 என்று சொல்ல முடியாது. கிரைஸ்லர் கார்களில் அந்த எண்ணின் ஐந்தாவது எழுத்தே என்ஜினைச் சொல்லிவிடும். 1970இல் ‘ஆர்’ என்றால் 426 ஹெமி. பான்டியாக் கார்களுக்கு ஆலைப் பதிவின் நகல் வாங்கலாம். ஃபோர்டுக்கும் 1967 முதல் அந்த வசதி உண்டு. அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு அப்படி எதுவும் இல்லை. டேங்க் மேல் ஒட்டிய தாள்தான் பெரிய சாட்சி.

அந்த ஷெவெலின் டேங்கை அவர்கள் இறக்கியதை அருகில் நின்று பார்த்தேன். பட்டையைத் தளர்த்தி, இருவர் பிடித்து, அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். மேலே ஐம்பது ஆண்டுப் புழுதி. ஊதக்கூட விடவில்லை. முதலில் படம் எடுத்தார்கள், பிறகு மென்மையான தூரிகையால் மண்ணை விலக்கினார்கள். தாள் அப்பளமாகியிருந்தது. ஒரு மூலை ஈரத்தில் கரைந்துபோயிருந்தது, நடுவில் எலி கொறித்த ஓட்டை. என்ஜின் குறியீடு இருந்திருக்க வேண்டிய கட்டம் அந்த ஓட்டைக்குள் போய்விட்டது. உரிமையாளருக்குப் போன் செய்து அதை அப்படியே சொன்னார்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லவில்லை என்பதற்காகவே அந்தப் பட்டறைமேல் எனக்கு மரியாதை வந்தது. ஏனென்றால் இந்தச் சந்தையில் பணம் பெரிது. 2014இல் சியாட்டிலில் 1971 பிளிமத் ஹெமி குடா கன்வெர்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலித்தாள் அச்சடிப்பவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். அதனால்தான் தாளை எடுப்பதற்கு முன்னால், அது இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். இருக்கைக்குள் இருந்த தாளில் ஸ்பிரிங் பட்ட இடமெல்லாம் துருக்கோடு படிந்திருக்கும். அந்தக் கோடுகள் ஸ்பிரிங்கோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள்.

மதியத்துக்கு மேல் சேலஞ்சர் இருக்கையில் தாள் தட்டுப்பட்டது. சுருட்டிச் செருகிய பழுப்புத் தாள். அதை விரிக்கவே வெகுநேரம் ஆனது. காற்றில் ஈரம் ஏற்றி, காகிதம் இளகியபின், ஒற்றுத்தாள்களுக்கிடையே வைத்து மெல்லத் திறந்தார். கட்டம் கட்டமாகக் குறியீடுகள். ‘இ74’ என்றிருந்தால் ஹெமி. இதில் ‘இ44’, 318 கன அங்குலச் சாதாரண என்ஜின். மேலே அச்சாகியிருந்த எண்ணும் இந்தக் காருடையது அல்ல. எந்தத் தாள் எந்தக் காருக்குள் போகிறது என்று அன்று யார் பார்த்தார்கள்? இது அடிக்கடி நடப்பதுதான் என்றார்.

ஆனாலும் அவர் கையின் கவனம் குறையவில்லை. தாளில் ஒரு குறியீட்டைச் சுற்றி யாரோ சிவப்புப் பென்சிலால் அவசரமாக வட்டம் போட்டிருந்தார்கள். நான் அதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சேலஞ்சர் உருவான ஹாம்ட்ராமக் ஆலையை, டாட்ஜ் மெயின் என்று ஊரே அழைத்த பெரிய ஆலையை, 1980இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். அந்த நிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு ஆலை கட்டியது. உள்ளே நின்று வேலை செய்தவர்களின் பெயர் எந்தக் காரிலும் இல்லை. ஏலக்காரர்கள் தாளில் விலையைப் படிக்கிறார்கள். எனக்கு அந்தப் பென்சில் வட்டம்தான் பெரிது; நின்று பார்க்க நேரமில்லாத ஒருவர், தவறாகப் பொருத்திவிடக் கூடாது என்று போட்டது அது.

அமெரிக்காவில் பழைய கார் வாங்கிப் பிரிக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருக்கையைக் கழற்றியதும் வாக்குவம் போடாதீர்கள். பழைய சணல் துணியைக் குப்பையில் எறியாதீர்கள். தாள் கிடைத்தால் லேமினேட் செய்யாமல், அமிலமில்லாத உறையில் வையுங்கள். அதிலிருப்பது உங்கள் காரின் எண்ணாக இல்லாவிட்டாலும் பத்திரப்படுத்துங்கள். அந்த எண்ணுக்குரிய காரின் உரிமையாளர் அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.