நன்றியுரையில் இல்லாத பெயர்

“அம்மா, ‘டெனன்ட்’டுக்குத் தமிழ்ல என்ன போடலாம்?”

வகுப்பு முடிந்து வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தேன். கேட்டவள் கணினி அறிவியல் இரண்டாமாண்டு மாணவி. பகுதி ஒன்று தமிழுக்காக என் முன்னால் வந்து உட்காரும் அறிவியல் மாணவர்களோடுதான் என் வேலை நேரத்தில் பாதி கழிகிறது. அவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: “இது பரீட்சைக்கு வருமா?” இவள் கேள்வி வேறாக இருந்தது.

“வாடகைதாரர். குடியிருப்பவர். குத்தகைதாரர். எந்த இடத்துல வருதுன்னு சொல்லு” என்றேன்.

கைப்பேசியில் காட்டினாள். ஓப்பன்ஸ்டேக் என்ற மேகக் கணிமை மென்பொருளின் பழைய கையேடு. ஒரே கணினித் தொகுப்பைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒருவர் இடத்துக்குள் இன்னொருவர் நுழையாதபடி பிரித்துக் கொடுப்பார்கள். அந்தப் பகுதிக்கு அங்கே இந்தப் பெயர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தபோது, தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு இல்லை என்று ஏழு வீடுகளில் சொன்னார்கள். “சார் எப்ப வருவாரு?” என்று கேட்டுவிட்டு, சார் வரமாட்டார் என்றதும் கதவைச் சாத்தினார்கள். எட்டாவது வீட்டுக்காரம்மா சாவி கொடுத்தார், இரவு எட்டு மணிக்கு மேல் யாரும் வந்து போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. வாடகைதாரர் என்பது எனக்கு வெறும் கலைச்சொல் அல்ல. இதை அவளிடமும் சொன்னேன்.

மறுநாள் வந்தாள். “அம்மா, அவங்களே அந்தச் சொல்லை விட்டுட்டாங்களாம். இப்ப ‘புராஜெக்ட்’னுதான் சொல்றாங்க. நாம ‘திட்டம்’னு போட்டுக்கலாம்.”

ஒரு சொல் சரியில்லை என்று பட்டால் பேசி மாற்றிக்கொள்ள முடிகிற இடமா? இருபது வருடமாகப் பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து வந்தவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அப்படித்தான் நான் உள்ளே போனேன்.

மேகம் என்றதும் எனக்குத் தூது இலக்கியம்தான் நினைவுக்கு வரும். காதல் கொண்ட பெண், அன்னத்தையும் கிளியையும் போல மேகத்தையும் தூது அனுப்பலாம் என்று நம் மரபு அனுமதித்திருக்கிறது. இந்த மேகம் வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் மின்சாரம் தின்றுகொண்டு, குளிரூட்டியில் உட்கார்ந்திருக்கும் கணினி அடுக்குகள். அவற்றை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களிடம் நாம் வாடகைக்கு இருக்கிறோம். சொந்தமாக ஒரு மேகத்தைக் கட்டிக்கொள்ள எவருக்கும் வழி இருக்க வேண்டும் என்று தொடங்கப்பட்டதுதான் ஓப்பன்ஸ்டேக். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் ராக்ஸ்பேஸ் என்ற நிறுவனமும் தாங்கள் வைத்திருந்த நிரல்களை 2010 ஜூலையில் பொதுவில் வைத்தன. கணிப்புக்கான நோவா நாசாவிடமிருந்தும், சேமிப்புக்கான ஸ்விஃப்ட் ராக்ஸ்பேஸிடமிருந்தும் வந்தன. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம். 2012இல் அதை நடத்த ஓர் அறக்கட்டளை உருவானது.

நிரலைப் பொதுவில் வைத்தால் ஆட்கள் தானாக வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. என்னை ஈர்த்தது அதுதான். நான்கு திறப்புகள் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்: திறந்த மூலம், திறந்த வடிவமைப்பு, திறந்த உருவாக்கம், திறந்த சமூகம். நிரல் மட்டும் திறந்திருந்தால் போதாது, அடுத்து என்ன செய்வது என்ற முடிவும் திறந்த இடத்தில் எடுக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. பிரிவுகளின் தலைவர்களைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் முறை வைத்தார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் நீங்கள் அனுப்பிய ஒரு மாற்றமாவது ஏற்கப்பட்டிருந்தால் உங்களுக்கு வாக்கு உண்டு. நூறு மாற்றம் அனுப்பியவருக்கும் ஒன்று அனுப்பியவருக்கும் ஒரே வாக்கு. கூட்டங்கள் எழுத்து அரட்டையில் நடக்கும், முழுப் பதிவும் பொதுவில் இருக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தின் அருமை எங்கள் பெண்களுக்குத்தான் தெரியும். உலக நேரம் 15 மணிக்கு ஒரு கூட்டம் என்றால் நமக்கு இரவு எட்டரை. எங்கள் விடுதியில் எட்டு மணிக்குக் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். அதுவும் பெண்கள் விடுதியில் மட்டும். ஆனால் காலையில் வந்து யார் என்ன சொன்னார், எதை முடிவு செய்தார்கள் என்று ஒரு வரி விடாமல் படித்துக்கொள்ளலாம். தேநீர்க் கடையிலும் மது மேசையிலும் முடிவாகும் விவகாரங்களில் நாம் எப்போதும் மறுநாள்தான் செய்தி கேள்விப்படுகிறோம். எழுத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வராதவளும் பாதி வந்தவள்தான்.

அந்த மாணவி தொடங்கியதுதான் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம். மொழி ஆய்வகத்தில் காலை பத்து மணிக்குச் சந்திப்போம். பதினான்கு பேர், அதில் ஒன்பது பெண்கள். ஹொரைசன் என்ற திரைப்பலகையின் சொற்களைத் தமிழாக்கிப் பார்ப்பது, கையேட்டில் பிழை கண்டால் திருத்தி அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. கட்டளைகளை ‘செய்’ என்பதா ‘செய்க’ என்பதா என்று ஒரு காலை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். ‘கொல்’ என்ற கட்டளையை எந்தப் பெண்ணும் எழுத மறுத்து ‘நிறுத்து’ என்று ஆக்கியதும் அந்த ஆய்வகத்தில்தான்.

அவள் முதன்முதலாகக் கையேட்டில் ஒரு பத்தியைத் திருத்தி அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: -1. அங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் மற்றவர்கள் படித்து மதிப்பெண் போடுவார்கள். +1 என்றால் எனக்குச் சரி. -1 என்றால் இன்னும் திருத்து. பொறுப்பில் இருப்பவர்கள் +2 போட்டால்தான் உள்ளே போகும். அவள் கண்கலங்கிவிட்டாள். கல்லூரியில் மைனஸ் என்றால் மதிப்பெண் குறைவது என்று மட்டும்தானே பழக்கியிருக்கிறோம்? என் முதல் தொகுப்பின் கவிதைகளைத் திருப்பி அனுப்பிய ஒரு பத்திரிகை ஆசிரியர் காரணம் ஒரு வரி எழுதியதில்லை. இவளுக்கு வந்த -1க்குக் கீழே ஐந்து வரி இருந்தது. அவள் பெயரைச் சொல்லி வணக்கம், திருத்தியதற்கு நன்றி, இந்தக் கட்டளை புதிய வெளியீட்டில் மாறிவிட்டது, இப்படி எழுதிப் பாருங்கள். எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் முறை அனுப்பினாள். ஏற்கப்பட்டது. கணக்குத் தொடங்கும்போது அப்பாவின் இனிஷியலைப் போடாமல் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். அந்தப் பெயர் அப்படியே அங்கே நின்றது.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. 2017இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் 95 சதவீதம் ஆண்கள், 3 சதவீதம் பெண்கள். அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, பெண்கள் அனுப்பும் மாற்றங்கள் மொத்தத்தில் ஆண்களுடையதைவிட அதிகமாகவே ஏற்கப்படுகின்றன என்றும், புதிதாக வருபவர் பெண் என்று வெளியே தெரிந்துவிட்டால் அந்த நிலை தலைகீழாகிறது என்றும் காட்டியது. கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வா என்று கூப்பிடுவது வேறு. 2006இல் கூகுளின் கோடைகாலத் திட்டத்தில் க்னோம் மென்பொருளுக்கு 181 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. பெண்களுக்கென்று, வழிகாட்ட ஆள் இருக்கிறது என்று சொல்லி அறிவித்ததும் நூறு பேருக்கு மேல் வந்தார்கள். பின்னாளில் அவுட்ரீச்சி என்று வளர்ந்த அந்த முயற்சியில் ஓப்பன்ஸ்டேக்கும் 2013இல் சேர்ந்தது. பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று இனி யார் சொன்னாலும் இந்த இரண்டு எண்களைச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் மேடையில் அழகாகப் பேசுவேன். இனி எழுதப்போவதைத்தான் எழுத மனம் வரவில்லை.

துறையின் ஆண்டு விழாவில் எங்கள் குழுவுக்கு அரைமணி நேரம் தந்தார்கள். மூன்று மாணவர்கள் மேடையேறி, பழைய கணினிகள் மூன்றை இணைத்துத் தாங்கள் கட்டிய சின்ன மேகத்தை இயக்கிக் காட்டினார்கள். நல்ல கைத்தட்டல். நான் நன்றியுரை சொன்னேன். முதல்வர், துறைத்தலைவர், மூன்று மாணவர்கள், ஒலிபெருக்கி அமைத்தவர். சொல்லி முடித்து அமர்ந்தேன். அவள் அரங்கின் கடைசியில் நின்று தேநீர்க் குவளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவளுக்குக் கொடுத்ததும் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஆய்வகச் சாவியை வெள்ளி மாலையே வாங்கி வைத்தது யார்? எல்லோருக்கும் செய்தி அனுப்பியது யார்? புதிதாக வந்த முதலாமாண்டுப் பெண்ணின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து, பயப்படாதே என்று சொன்னது யார்? இரண்டு பையன்கள் பேசாமல் இருந்தபோது நடுவில் போய்ச் சமாதானம் செய்தது? நான்காவது வாரம் மூன்றே பேர் வந்தார்கள். கணினிகள் இருந்தன, நிரல் இருந்தது. கூட்டம்தான் இல்லை.

டான்யா ரெய்லி என்ற மென்பொருள் பொறியாளர் இதற்கு ‘பசை’ என்று பெயர் வைத்து 2018 முதல் பேசிவருகிறார். துண்டுகளை ஒட்டிவைக்கும் வேலை. அது இல்லாமல் எதுவும் நிற்காது, ஆனால் பதவி உயர்வின்போது யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. அகப்பாடல்களின் தோழியை இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். தலைவியைத் தேற்றுவாள், தலைவனைக் கடிவாள், செவிலியிடம் பேசுவாள், சந்திக்க இடம் குறிப்பாள், அறத்தொடு நிற்பாள். அவள் இல்லையென்றால் பாதிப் பாடல்கள் இல்லை. அவளுக்கென்று ஒரு காதல், ஒரு துயரம் உண்டா என்று எந்தத் தேர்விலும் நான் கேள்வி வைத்ததில்லை.

விடுதிக்குப் போய் அவளைப் பார்த்தேன். பார்வையாளர் அறையில் எதிரே உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பது அவளுக்குச் சங்கடமாக இருந்தது, தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்:

“நீங்க மறந்தது பெருசில்லம்மா. அந்த மைனஸ் ஒன்னு போட்டவருகூட என் பேரைச் சொல்லித்தான் போட்டாரு.”

வீடு வரும்வரை அந்த வாக்கியம் கூடவே வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்ணியர் ஜோ ஃப்ரீமன் ‘கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை’ பற்றி எழுதினார். எங்களில் தலைமை இல்லை, விதி இல்லை, எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொள்ளும் குழுக்களில் அதிகாரம் ஒழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்கிறது என்பது அவர் வாதம். பெண்கள் குழுக்களைப் பற்றி அவர் சொன்னது எங்கள் ஆய்வகத்துக்கும் பொருந்தியது. யார் சாவி வாங்குவது என்று நாங்கள் முடிவு செய்ததே இல்லை. முடிவு செய்யாததால் அது ஒரு பெண்ணின் வேலையானது.

ஓப்பன்ஸ்டேக் சமூகமும் இதைத் தட்டுத் தடுமாறித்தான் கற்றிருக்கிறது. முதலில் நிரலும் கையேடும் அனுப்பியவர்களே கணக்கில் வந்தார்கள். பின்னர் மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களும் வாக்காளர் பட்டியலில் சேர்ந்தன. 2016 வாக்கில், ஊர்களில் பயனர் குழுக்களைக் கூட்டி நடத்துபவர்களையும் பங்களிப்பாளர்கள் என்று அங்கீகரித்தார்கள். நாற்காலி போடுபவரும் கட்டுகிறவர்தான் என்று எழுத்தில் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாவிட்டால் மறந்துபோகும். நான் மறந்தேனே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பெரிய திட்டங்களுக்கு நிரல் எழுதுபவர்களில் பலர் அதற்காக நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். சம்பளம் இல்லாமல் தன்னார்வமாக வா என்று கூப்பிடும்போது, ஓய்வு நேரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறவளிடமும், கட்டிலில் மடிக்கணினியோடு எழுந்திருக்கிறவனிடமும் இருப்பது ஒரே ஞாயிறு அல்ல.

அவள் திரும்பி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. ஆய்வகச் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். சாவி, அறிவிப்பு, குறிப்பெடுப்பது, புதியவரை வரவேற்பது, தேநீர். ஐந்து வேலை, ஐந்து பெயர், மாதம் ஒருமுறை மாறும். முதல் மாதம் தேநீர் என் பெயரில் இருந்தது. பிளாஸ்க்கைக் கழுவத் தெரியாத பையன் ஒருவன் இருந்தான். கற்றுக்கொண்டான், உயிர் போகவில்லை. கூட்டத்தை மாலை நான்கு மணிக்குள் முடிப்பது என்பதும் அந்தத் தாளில் உண்டு.

மாற்றங்களை அனுப்பும்போது செய்திக் குறிப்பின் அடியில் ‘இணைந்து எழுதியவர்’ என்று ஒரு வரி சேர்க்கலாம் என்பதை அப்போதுதான் எனக்குக் காட்டினாள். விழாவில் கைத்தட்டல் வாங்கிய பையன்களில் ஒருவன் அதற்கு முன்பே ஒரு திருத்தம் அனுப்பி ஏற்கப்பட்டிருந்தது. பிழையைக் கண்டுபிடித்தவள் இவள். அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அந்த வரி இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்ததும் சேர்த்துவிடுகிறேன் என்றான். முடியாது. உள்ளே போன பதிவை யாரும் திருத்துவதில்லை, அது அப்படியே இருக்கும். அடுத்ததில்தான் சேர்க்க முடியும்.

என் நன்றியுரையும் அப்படித்தான். அந்த விழா முடிந்துவிட்டது.

அவள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள். ஆய்வகச் சாவி இந்த மாதம் இரண்டாமாண்டு மாணவன் ஒருவனிடம் இருக்கிறது. சென்ற சனிக்கிழமை முதலாமாண்டுப் பெண்கள் இருவர் தங்கள் முதல் திருத்தத்தை அனுப்பினார்கள். அனுப்பும் முன் ஒருத்தி திரும்பி என்னைக் கேட்டாள்: “அம்மா, கண்டுபிடிச்சது அவ, எழுதினது நான். யார் பேரு மேல போடணும்?”

“ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கம்மா” என்றேன். “ஆனா ரெண்டு பேரும் இருக்கணும்.”