நாமும் நாங்களும்

முவைலாவில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையை இரவு ஒரு மணிக்குத்தான் பூட்டுவார்கள். பிறகு சட்டி பானை கழுவவேண்டும். இந்த நாட்டில் நான் அகதி என்று பதிவானவன் அல்ல. விசாவில் நான் சமையல் உதவியாளன். போன மே மாதம் ஒருநாள் கழுவிக்கொண்டு நிற்கையில், கூட வேலை செய்யும் நானா தனது கைத்தொலைபேசியை நீட்டினார். 2009 மே 19 அன்று மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் ஆற்றிய உரை. ஒரு பகுதி தமிழில்.

அன்றைக்கு எனக்குப் பதினெட்டு வயது. செட்டிகுளம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தேன். வலைஞர்மடத்தில் அப்பாவைப் பதுங்குகுழிக்குள்ளேயே வைத்து மண்ணால் மூடிவிட்டு வந்திருந்தோம். அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தக் கிழமைதான் வந்தது. அந்தியேட்டி செய்யக் கீரிமலைக் கடலுக்குப் போக வழியில்லை.

ஒரு தாயின் பிள்ளைகளாக வாழவேண்டும் என்றார் ஜனாதிபதி. சிறுபான்மையினர் என்ற சொல்லே இனி இல்லை. நாட்டை நேசிப்பவர், நேசிக்காதவர் என்று இரண்டு வகையினர்தான் என்றார். மறுநாள் நாட்டுக்கு விடுமுறை. தெற்கில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள்.

'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே, 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எங்கள் பேச்சில் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. அந்த உரை எங்களை 'நாம்' என்றுதான் அழைத்தது. ஆனால் அது வெற்றிக்கான அழைப்பு. செத்தவர்களுக்கு அழ, நாங்கள் மட்டும்தான் இருந்தோம்.

1948 ஜனவரி 30 இரவு நேரு அகில இந்திய வானொலியில் பேசியதைப் பல்கலைக்கழகத்தில் வாசித்திருக்கிறேன். இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றுபோனாலும் அது நினைவில் நிற்கிறது. ஒளி அணைந்துவிட்டது என்கிறார். பிறகு, இல்லை, நான் சொன்னது பிழை என்று தன்னையே திருத்துகிறார். முதலில் அழுகிறவனோடு கூடவிருந்து அழுதுவிட்டு, அதற்குப் பிறகுதான் அவனை எழுப்புகிறார். கொன்றவனைப் பித்தன் என்றாரே தவிர, அவனுடைய சாதியைச் சொல்லவில்லை. தகனம் நடக்கும் நேரத்தில் மற்ற ஊர்க்காரர் ஆற்றுக்கோ கடலுக்கோ போய்ப் பிரார்த்தியுங்கள் என்றார். துக்கத்துக்கு ஓர் இடம் கொடுத்தார். அப்படியிருந்தும் மகாராஷ்டிரத்தில் பிராமணர் வீடுகள் எரிந்தன. பேச்சால் எல்லாவற்றையும் தடுக்கமுடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் நான் நேர்மையானவன் அல்ல. நவம்பர் 27 தோறும் வன்னியில் நாங்கள் கேட்ட மாவீரர் நாள் உரையும் துக்கப்பட்ட சனத்துக்குச் சொன்னதுதான். அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்பா. அதிலும் ஒரு 'நாம்' இருந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து புலிகள் விரட்டிய முஸ்லிம்கள் அதற்குள் இல்லை. நானாவுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணம் சோனகதெருவை விட்டு வெளிக்கிட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர். அந்த உரைகளைக் கேட்டு நான் உருகிய காலத்தில் அவரைப் போன்றவர்களை ஒருநாளும் நினைத்ததில்லை.

உரை முடிந்ததும் நானா கேட்டார்: "உங்கட அப்பாவுக்கு ஏதும் செய்தீங்களா தம்பி?"

இல்லை என்றேன்.

அவர் ஒன்றும் பேசாமல் கழுவிய பானையை மறுபடி அடுப்பில் வைத்தார். கடைசி நாட்களில் நாங்கள் குடித்தது போல, அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சினோம். இருவரும் நிலத்தில் இருந்து குடித்தோம்.

"உப்புக் கூடிப்போச்சு," என்றார்.

"நாங்கள் காய்ச்சினால் அப்படித்தான்," என்றேன்.

அந்த 'நாங்கள்' அவரையும் சேர்த்துத்தான்.