குளிருக்கு முன்னே வெயில்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஏரியில் படகு விடுவார்கள். தூண் பாறையைப் பார்க்கப் போய், மூடுபனியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இந்தத் தடவை நான் அதையெல்லாம் விட்டுவிட்டுப் பேத்துப்பாறைக்குப் போனேன். மலைச் சரிவில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். அங்கே ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு உங்களையும் அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

மாசி மாதம். சுள்ளென்று வெயில். ஓர் அம்மாள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"குளிர்தான் போய்விட்டதே அம்மா, இப்போது எதற்கு இவ்வளவு விறகு?" என்றேன்.

"போன குளிருக்கா அடுக்குறேன்? வரப்போற குளிருக்குத் தாயி!"

பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். அது விட்டால் மார்கழிக் குளிர். மேலே கொடைக்கானலில் புல் மீது உறைபனி படியும். அப்போது ஓடிப்போய்ச் சுள்ளி பொறுக்கலாம் என்றால், எல்லாம் ஈரம். போதாக்குறைக்கு யானை நடமாட்டம் வேறு!

அந்த அம்மாளுக்கு முதல் குழந்தை பிறந்த வருஷம் இந்த முன்யோசனை இல்லையாம். கார்த்திகையில் ஈர விறகோடு போராட்டம். கதவைத் திறந்தால் குளிர், மூடினால் புகை. குழந்தை இரவெல்லாம் இருமியது. "அந்த இருமல் இன்னும் என் காதுல கேக்குது" என்றார். இப்போது வீட்டில் காஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீருக்கும் கணப்புக்கும் விறகுதான்.

பச்சை மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். பானைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் சூட்டைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், அதை முழுதும் ஆவியாக்க. ஈர விறகு எரிந்தால் சூடு இப்படித்தான் வீணாகிறது. நமக்கு மிஞ்சுவது புகை.

தோட்டத்தில் கழித்த சில்வர் ஓக் கிளைகளையும் பழைய காப்பிக் கட்டைகளையும் அவர் பிளந்தே அடுக்குகிறார். பட்டை மூடிய உருட்டுக் கட்டை லேசில் காயாது. கீழே கல் வைத்து, அதன்மேல் இரண்டு கம்பு போட்டு அடுக்கு எழும்புகிறது. மண் ஈரம் ஏறக்கூடாது அல்லவா? கட்டைக்குக் கட்டை காற்றுப் போக இடைவெளி. மேலே மட்டும் தகரம். பக்கங்களையும் தார்ப்பாயால் போர்த்திவிட்டால் பத்திரம் என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னேன். "போர்த்தினா பூசணம் பிடிச்சுப் போயிரும்" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு கட்டைகளைத் தட்டிக் காட்டினார். புதியது 'தொப்' என்றது. சென்ற வருஷத்துக் கட்டை, முனையெல்லாம் வெடித்திருந்தது, 'கணீர்' என்றது.

அந்தக் கணீர்க் கட்டையைத்தான் அடுப்பில் வைத்து எனக்குக் காப்பி போட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தேன். கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை.