அம்மாவின் முதல் எழுத்து

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஹாம்ப்டன் கோர்ட் வந்துவிடும். தேம்ஸ் நதிப் பாலத்தைத் தாண்டினால் எதிரே செங்கல் அரண்மனை. ஆறு திருமணம் செய்த எட்டாம் ஹென்றி விரும்பித் தங்கிய இடம் இது.

இங்கே வருபவர்கள் இரண்டு எழுத்துகளைத் தேடுவார்கள். ஹெச், ஏ. ஹென்றி, அவருடைய இரண்டாவது மனைவி ஆன் பொலின் இருவரின் இனிஷியல்கள்.

அந்தக் காலத்து ராணிகளுக்கு இனிஷியல் நகை என்றால் தனி மோகம். ஆன் பொலினின் புகழ்பெற்ற ஓவியத்தில், முத்துமாலையில் தங்கத்தில் 'பி' எழுத்து தொங்கும். அதன் கீழே மூன்று முத்துகள். பொலின் குடும்பத்துப் பெண் என்ற பெருமிதம் அது! லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் அந்த ஓவியம் இருக்கிறது.

ஆனால், அரண்மனையில் எழுத்துகளுக்கும் ஆயுள் உண்டு. துரோகக் குற்றம் சாட்டி 1536 மே 19 அன்று ஆனின் தலையை வெட்டினார்கள். பதினோராவது நாள் மன்னர் ஜேன் சீமோரை மணந்தார். ஹாம்ப்டன் கோர்ட்டில் ஆனின் சின்னங்களை அகற்றிவிட்டு ஜேனின் சின்னங்களைப் பதித்தார்கள். அவசரத்தில் சில 'ஏ'க்கள் கண்ணில் படாமல் தப்பின. பெரிய மண்டபத்தின் மர வேலைப்பாட்டில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

ஓவியர் ஹோல்பைன் புது ராணிக்காக ஹெச், ஐ எழுத்துகள் பின்னிய டாலர் ஒன்றை வரைந்து கொடுத்தார். அன்றைய வழக்கில் ஐ, ஜே இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

அரண்மனையில் உள்ள அரச குடும்ப ஓவியத்தின் முன்பு சற்று நின்று பார்க்க வேண்டும். 1545-ஐ ஒட்டி வரைந்தது. நடுவில் ஹென்றி. அருகில், எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன ஜேன். அப்போது உயிரோடு இருந்த ராணி கேத்தரின் பாருக்குப் படத்தில் இடமில்லை. ஆனுக்கோ பேச்சே இல்லை.

வலது பக்கம் தனியாக நிற்கும் சிறுமி எலிசபெத், ஆனின் மகள். தாயை இழந்தபோது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அவள் கழுத்து டாலரை உற்றுப் பார்த்தால், 'ஏ' போலத் தெரிகிறது.

அப்பா அழிக்கச் சொன்ன எழுத்து, அப்பா இருக்கும் படத்திலேயே!

அந்தச் சிறுமிதான் பின்னாளில் 44 ஆண்டுகள் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத்.