அடுத்த வீட்டுப் பூனை

திருவிவிலியத்தில் வீட்டுப் பூனையைத் தேடிப் புறப்படுவோர் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கும். ஆடும் மாடும் கழுதையும் ஒட்டகமும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. நாய்கூட, பெருமையோடு இல்லாவிடினும், பல இடங்களில் தலைகாட்டுகிறது. பூனையோ பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரத்தில் மட்டும், வௌவால்களோடும் குருவிகளோடும் சேர்ந்து, பொய்த் தெய்வங்களின் சிலைகள்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. அந்நூலைத் தங்கள் விவிலியத்தில் சேர்க்காத பிரிந்த சகோதரர்களுக்கு அந்த ஒரு பூனையும் இல்லை!

ஆயினும் அடுத்தவருடைய விலங்கைக் குறித்துத் திருச்சட்டம் மௌனம் காக்கவில்லை. வழிதவறிய ஆட்டையோ மாட்டையோ கண்டவன், காணாதவன்போல் ஒதுங்கிச் செல்லலாகாது என்கிறது இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம். உடையவன் அருகில் இல்லையென்றால், அல்லது அவன் யாரென்றே தெரியவில்லையென்றால், அவ்விலங்கைத் தன் வீட்டுக்குக் கொண்டு சென்று, அவன் தேடி வரும்வரை வைத்திருந்து, பின் ஒப்படைக்க வேண்டும். அது எவ்வாறு தவறியது, உடையவன் கவனம் குறைந்தவனா, கல்நெஞ்சனா என்னும் விசாரணைக்கு அங்கே இடமே அளிக்கப்படவில்லை. குருமடத்தில் இப்பகுதியைப் பயின்ற நாள்களில், பழங்கால உழவர் சமுதாயத்தின் சொத்துரிமைச் சட்டம் என்று குறிப்பெடுத்துத் தேர்வும் எழுதினோம். அதன் முழுக் கனமும் 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில்தான் நமக்கு விளங்கியது.

அப்போது நாம் தூத்துக்குடிப் பகுதியில், உப்பளங்களை அடுத்த ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். பங்கு இல்லத்தின் பின்மதிலை ஒட்டி ஒரு வளவு. அதில் வரிசையாக நான்கு வாடகை வீடுகள். கடைசி வீட்டில் உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்று வாழ்ந்து வந்தது. கணவன், மனைவி, புதுநன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, ஒரு பூனை. உப்புத் தொழிலை அறியாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாத்தியில் உப்பு விளைய வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் முதல் பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். ஏறத்தாழ மூன்று மாதங்கள் வேலை இராது. அந்த மாதங்களைக் கடனால் கடத்துவதும், வெயில் வந்ததும் அக்கடனுக்காகவே உழைப்பதும் பல வீடுகளில் ஆண்டுதோறும் சுழலும் சக்கரம். இடையில் ஒரு நோய் வந்துவிட்டால் சக்கரம் அச்சு முறிந்துவிடும். அந்த வீட்டில் அவ்வாண்டு மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்து வந்தபோது, அந்த வீடு காலியாகக் கிடக்கிறது என்று கோயிற்பிள்ளை சொன்னார். மக்கள் 'குட்டி யானை' என்றழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்றில், மழை இரவில், எவரிடமும் சொல்லாமல் போய்விட்டார்கள். போன இடம் எவருக்கும் தெரியவில்லை.

அன்றிரவே மதிலுக்கு அப்பால் அழுகுரல் கேட்கத் தொடங்கியது. மறுநாளும் கேட்டது. மூன்றாம் நாள், பங்கு இல்லத்தில் சமைக்கும் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். "சாமி, அது அந்தப் புள்ள இடுப்பில தூக்கிக்கிட்டே திரியுமே, அந்தப் பூனை. பசியில மட்டும் அழலை. ஆளைத் தேடி அழுவுது."

அரசு கால்நடை மருத்துவர் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவர். அவரிடம் கேட்டதில் பயனுள்ள செய்திகள் சில கிடைத்தன. பால் வைக்க வேண்டாம் என்றார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு வந்து மேலும் வாடும். பூனை ஊனுண்ணி, உப்பும் காரமும் சேர்க்காமல் அவித்த மீனை முள் நீக்கி வைக்கலாம். பட்டினி நாள்கணக்கில் நீண்டால் பூனைக்குக் கல்லீரல் கெட்டுவிடும் என்பதால் காலம் தாழ்த்தலாகாது. சோர்ந்து கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்றும் எச்சரித்தார். வளவுச் சிறுவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லி வைத்தோம். அன்பு மிகுந்த சிறுவர்களிடம்தான் மருந்துகளைக் காக்க வேண்டியிருக்கிறது. அவர் சொன்ன இன்னொன்று மனத்தில் தங்கியது. வீட்டில் சாமான்கள் புரளும்போதும் அந்நியர் நுழைந்து ஓசை எழுப்பும்போதும் பூனை ஓடி ஒளிந்துகொள்ளும். எல்லாம் ஓய்ந்தபின்தான் வெளிவரும். "விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க ஃபாதர். கிடைக்காமலேயும் போயிருக்கலாம்" என்றார்.

சமையல்கார அம்மா மாலை மணியடிக்கும் நேரத்தில், தினமும் ஒரே தட்டில், ஒரே படியில், அவித்த சாளை மீனை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி அமர்ந்து செபமாலை சொன்னார். முதல் நாள் தட்டு அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் இருட்டியபின் காலியாயிற்று, தின்றது எதுவென்று தெரியவில்லை. நான்காம் நாள் மதில்மேல் இரு கண்கள். ஒன்பதாம் நாள் அது பங்கு இல்லத்துப் படியில் ஏறி, அம்மாவின் சேலை முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. சாம்பல் நிறம், இடக்காது நுனி சிறிது கிழிந்திருந்தது.

இதற்குள் பூனை ஊர்ப்பேச்சாகிவிட்டது. அன்பியக் கூட்டத்தில் நற்செய்தியைப் பகிர வேண்டிய நேரத்தின் பெரும்பகுதி அக்குடும்பத்தின்மீது தீர்ப்பு வழங்குவதில் கழிந்தது. "வாயில்லாச் சீவனையே இப்படித் தவிக்க விட்டுப் போனவங்க, வாங்கின கடனையா திருப்பித் தருவாங்க?" என்றார் ஒரு பெண்மணி. நியாயம்போல் ஒலிக்கும் வாக்கியந்தான். விலங்கைப் பட்டினியால் வாடும் நிலையில் காரணமின்றிக் கைவிடுவது நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் உண்மையே. ஆனால் பூனைக்காக இரங்குவது, மனிதரை இகழ்வதற்கு ஒரு மேடையாகிவிடுவதை அங்கே கண்டோம். இரக்கம் இவ்வளவு எளிதில் கல்லாக மாறுமா என்று அஞ்சினோம்.

சில நாள்களில் அக்குடும்பத்துக்குக் கடன் கொடுத்தவரே பங்கு இல்லத்துக்கு வந்தார். கோயிலுக்குத் தவறாமல் வருகிறவர், மரியாதை தெரிந்தவர். பூனையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "படம் எடுத்து வாட்ஸப் குழுக்கள்ல போடலாம் ஃபாதர். கோவில்பட்டி, மதுரை, திருப்பூர், எல்லாப் பக்கமும் நம்ம பையன்கள் இருக்காங்க. ரெண்டே நாள்ல ஆளைக் கண்டுபிடிச்சிரலாம். பாவம், அந்தப் புள்ளையும் தேடும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சிறுமி தேடத்தான் செய்வாள். படத்தைப் போட்டால் கண்டுபிடிக்கவும் முடியும். கண்டுபிடிப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

2017ஆம் ஆண்டு அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதை இப்பகுதி மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அதிக வட்டி வாங்குவதைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் மனிதர்கள் இரவில்தான் ஊரைவிட்டுப் போகிறார்கள். வழிதவறிய ஆட்டைப் பற்றிப் பேசும் அதே இணைச்சட்ட நூல், இரண்டு அதிகாரங்கள் கடந்து, 24ஆம் அதிகாரத்தில் கடன் கொடுத்தவனைப் பற்றிப் பேசுகிறது. அடகுப் பொருளை வாங்க அவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையலாகாது. வெளியே நிற்க வேண்டும். கடனாளியே எடுத்து வந்து தர வேண்டும். ஏழைக்கும் ஒரு வாசற்படி உண்டு, அதைக் கடக்கப் பணம் உரிமை தராது என்று மோசேயின் சட்டம் வரையறுத்திருக்கிறது. அந்த வீட்டின் வாசற்படி இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ அறியோம். பூனையின் முதுகில் ஏறி ஒருவர் அதைக் கடந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பாயிற்று. "படம் வேண்டாம். அவர்கள் வரும்வரை பூனை இங்கே இருக்கும்" என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினோம். அவருக்கு வருத்தந்தான்.

வேறொரு குறையும் காதில் விழுந்தது. மனிதர்கள் பசித்திருக்கையில் சாமியார் பூனைக்கு மீன் அவிக்கிறாரே என்பது அது. இதை எள்ளி நகையாடத் தேவையில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, விலங்குகள்பால் நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம் என்று கூறிய கையோடு, மனிதத் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை அவற்றுக்காகச் செலவிடுவது தகாது என்றும் எச்சரிக்கிறது. ஆனால் அந்தச் சாளை, அடுப்படிக்கு வந்த மீனில் ஒரு துண்டு. அதற்காக எவருடைய தட்டும் குறையவில்லை. இன்னும் சொன்னால், பூனையைக் காரணமாகக் காட்டி அக்குடும்பத்தின் கடனைப் பற்றி நாம் வின்சென்ட் தே பால் சபையாரிடம் பேசத் தொடங்கியதும் அந்த வாரந்தான்.

புனித பிலிப்பு நேரியின் நினைவு அந்நாள்களில் அடிக்கடி வந்தது. உரோமையில் சான் ஜிரோலாமோ இல்லத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்த அவர், 1583இல் வல்லிசெல்லாவில் இருந்த தம் சபையாரின் இல்லத்துக்கு இடம் மாறினார். பழைய இல்லத்தில் அவருடைய பூனை தங்கிவிட்டது. பூனைக்கு உணவிட்டு வருமாறு தம்மைச் சேர்ந்தவர்களை அவர் நாள்தோறும் அங்கே அனுப்பி வந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மேன்மக்களின் செருக்கைத் தணிக்கவே அவர் இத்தகைய வேலைகளை ஏவினார் என விளக்கம் தருவோரும் உளர். இருக்கலாம். பூனை பசித்திருந்தது என்பதும் ஒரு விளக்கமே. நேரியாருக்கு அனுப்ப ஆள்கள் இருந்தார்கள். நம் வளவைவிட்டுப் போனவர்களுக்கு அப்படி எவரும் இல்லை.

2023 சனவரியில், திருப்பூர்ப் பக்கத்துப் பங்கு ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. புதுநன்மை வாங்கவிருக்கும் ஒரு சிறுமிக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று அங்கிருந்த குரு எழுதியிருந்தார். பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். பதிவேட்டை நாமே எடுத்துச் சான்றிதழை நம் கைப்படவே எழுதி, அஞ்சலில் சேர்த்தோம். பிறகு அக்குருவைத் தொலைபேசியில் அழைத்து, குடும்பத்தார் விரும்பினால் மட்டும் நம்மோடு பேசலாம் எனத் தெரிவித்தோம்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாய் பேசினார். நாம் பூனையைப் பற்றிச் சொல்வதற்குள் அவரே அழத் தொடங்கிவிட்டார். அன்றிரவு அதைச் சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கட்டிலைப் பிரிக்கும் ஓசையில் மிரண்டு, சாக்கைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டது. மழையில் தேடினார்கள், உரக்கக் கூப்பிடவும் முடியவில்லை, கூப்பிட்டால் வளவு விழித்துக்கொள்ளும். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். மிஞ்சியிருந்த மீன்குழம்புச் சோற்றைப் பின்படியில் வைத்துவிட்டு ஏறினார்கள். கோவில்பட்டி தாண்டும்வரை சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம். "எங்களைத் திட்டியிருப்பீங்கல்ல சாமி?" என்று கேட்டார்.

கைப்பேசியின் ஒலியைக் கூட்டித் தரையில் வைத்தோம். சிறுமி ஒரு பெயர் சொல்லி அழைத்தாள். அப்பெயரை இங்கே எழுதினால் குடும்பம் எதுவென்று சிலர் அறிந்துகொள்வர். ஆகவே எழுதாமல் விடுகிறோம். இரண்டு மாதங்களாக நாங்கள் எதைச் சொல்லி அழைத்தும் திரும்பாத அந்தச் சாம்பல் பூனை, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, கைப்பேசியைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

தூத்துக்குடி உப்பு திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குப் போகிறது. அவ்வழியில் லாரி ஓட்டும் நம் பங்கு இளைஞர் ஒருவர், அளந்து பேசுபவர், பிப்ரவரியில் அதை ஏற்றிச் சென்றார். மருத்துவர் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, இரண்டு பழக்கூடைகளைக் கவிழ்த்துக் கட்டி, போன இடத்தில் இரண்டு மூன்று வாரம் அறையைவிட்டு வெளியே விடலாகாது, விட்டால் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடக்கூடும் என்று சொல்லி அனுப்பினார். கூடையைத் திறந்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டதாம். சிறுமி பள்ளிச் சீருடையோடு தரையில் படுத்துக்கொண்டாள் என்று இளைஞர் வந்து சொன்னார்.

கடனைப் பொறுத்தவரை, வின்சென்ட் தே பால் சபையார் நான்கு முறை நடந்தார்கள். வட்டியை விட்டுவிட்டு அசலை மட்டும் மாதத் தவணையில் வாங்கிக்கொள்ளக் கொடுத்தவர் இறுதியில் இசைந்தார். அதற்காக அவரை நன்றியோடு குறிப்பிட வேண்டும். தவணை அவர்கள் வழியாகவே சென்றது. முகவரியை அவரும் பிறகு கேட்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் தூத்துக்குடி மூழ்கியபோது, வளவில் இருந்தவர்கள் எல்லாரும் பங்கு மண்டபத்தில் தங்கினார்கள். தொலைபேசித் தொடர்பு திரும்பிய அன்று, சமையல்கார அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. திருப்பூரிலிருந்து அந்தத் தாய், எல்லாரும் பத்திரமா என்று கேட்டார். வளவுப் பெண்கள் கைப்பேசியை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் பேசினார்கள். அன்பியத்தில் தீர்ப்புச் சொன்ன பெண்மணியின் கைக்கும் அது வந்தது. வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர், எதெல்லாம் போயிற்று என்று அவர் சொன்னார். பூனை எப்படியிருக்கிறது என்று கேட்டார். மின்சாரம் இல்லாத நாள்கள் அவை. மின்னேற்றம் தீர்ந்து கைப்பேசி அணையும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.