கடாரத்து மண் சொல்லும் கதை

ஆறு உள்ள இடத்தில் ஊர் தோன்றும் என்பது உலகறிந்த உண்மை. அவ்வாறு தோன்றிய ஊர் மறைந்த பின்னர், அதன் வரலாற்றை எவ்வாறு அறிவது? கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. சோழர் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் நிலம் இதுவே என்பது அறிஞர் பலரின் துணிபு.

வடக்கே ஜெராய் மலை. தெற்கே மூடா ஆறு. இடையே மெர்போக் ஆறும் பூஜாங் ஆறும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அம்மலை தொலைவிலிருந்தே வழிகாட்டிற்று. பருவக்காற்றுத் திரும்பும்வரை தங்குவதற்கு ஆற்றுமுகங்கள் இடமளித்தன.

1936, 1937ஆம் ஆண்டுகளில் இங்கு அகழ்ந்த குவாரிச் வேல்ஸ், கோயில் அடித்தளங்கள் பலவற்றைக் கண்டு, இஃது இந்தியரின் குடியேற்றம் எனக் கருதினார். வாழ்ந்த மக்களின் வீடுகளோ மரத்தாலும் ஓலையாலும் ஆனவை. அவை மக்கி மண்ணாயின. கல்லும் செங்கல்லுமே எஞ்சியமையால், கோயில் பேசியது, குடில் பேசவில்லை.

பின்வந்த ஆய்வாளர் ஓட்டுச்சில்லுகளையும் மணிகளையும் கருத்தூன்றி நோக்கினர். மூடா ஆற்றையடுத்த சுங்கை மாஸ் முதலில் வாணிகத்தால் செழித்தது. கி.பி. 11ஆம் நூற்றாண்டையொட்டி அச்சிறப்புப் பெங்காலான் பூஜாங்கைச் சேர்ந்தது. வண்டல் படிந்து கரை மாறியதும் அதற்கு ஒரு காரணம் என்பர். 2009இல் அகழாய்வு தொடங்கிய சுங்கை பத்துவிலோ, இரும்பு உருக்கிய உலைகளும், துருத்திக் குழாய்களும், கசடுக் குவியல்களும் வெளிப்பட்டன. கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே அங்கு இரும்புத் தொழில் நடந்துள்ளது. அயலார் பொருளை வாங்கியும், தம் பொருளை விற்றும் வாழ்ந்த உள்நாட்டு மக்களின் உழைப்பை அக்கசடுகள் காட்டுகின்றன.

கடாரம் என்றதும் 1025ஆம் ஆண்டின் இராசேந்திரன் படையெடுப்பே தமிழ் மாணவர் நினைவுக்கு வருகின்றது. அப்படை வருமுன்பே பல நூற்றாண்டுகள் அங்கு உலை எரிந்தது. படை சென்ற பின்னரும் வாணிகம் நடந்தது. வெற்றியை மட்டும் கற்பிக்கும் பாடம் பாதி வரலாறே ஆகும்.

மீதிப் பாதி மண்ணில் உள்ளது. அதற்கும் காவல் போதவில்லை. 2013ஆம் ஆண்டில், 11ஆம் எண்ணிட்ட சண்டியின் அடித்தளம் நில மேம்பாட்டுப் பணியில் இடித்தழிக்கப்பட்டது. செய்தி பரவியதும் கண்டனம் எழுந்தது. ஆயினும் கலைந்த கற்கள் தம் பழைய நிலைக்கு மீளுமா? ஒரு கல் எங்கே, எந்த ஆழத்தில், எதன் அருகில் கிடந்தது என்பதே தொல்லியலுக்குச் சான்று. இடம் பெயர்ந்த கல் வெறுங்கல்லே.

ஏட்டுச்சுவடிகளைக் கரையானிடமிருந்து காத்தவர்களைத் தமிழுலகம் போற்றுகின்றது. ஆற்றங்கரை மண்ணும் ஒரு சுவடியே. அதைப் படிக்கவும் காக்கவும் மாணவரைப் பழக்குதல் ஆசிரியரின் கடனாகும்.