கறுப்பு மணல், நீலப் பனி, ஒரு செல்போன்

ஐஸ்லாந்து என்றதும் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "வானத்தில் பச்சை ஒளி ஆடுமே, அதைப் பார்க்கவா?" அதற்குக் குளிர்காலத்தில் போக வேண்டும். நான் போனது ஜூனில். செல்போனை மட்டும் நம்பி வீடியோ எடுக்கிறவனுக்கு ஜூன்தான் சரி என்பது என் கட்சி. செல்போனின் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவுதான், இருட்டில் திணறிப்போகும். ஜூனில் அங்கே இருட்டே கிடையாது. நள்ளிரவை ஒட்டி மறைகிற சூரியன் மூன்று மணிவாக்கில் திரும்ப வந்துவிடுகிறது. நம் ஊரில் அந்தியில் கொஞ்ச நேரமே நிற்கிற மஞ்சள் வெயில், அங்கே மணிக்கணக்கில் சாய்ந்து கிடக்கிறது.

ரெய்க்யவிக்கில் காரை வாடகைக்கு எடுத்து, தீவைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் சாலையில் கிழக்கே போனோம். ஓட்டியவன் ஜெர்மனியில் வேலை செய்யும் என் நண்பன். ஸ்கோகாஃபோஸ் அருவி சாலையிலிருந்தே தெரிந்துவிடுகிறது. அருவிக்குப் பின்னால் நிற்பது, ஒரு காலத்தில் கடல் மோதிக்கொண்டிருந்த பாறைச் சுவர். கடல் சில கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. சுவர் அங்கேயே நிற்கிறது. அதன் மேலிருந்து ஆறு 60 மீட்டர் விழுகிறது. குற்றாலம்போல் பாறையில் தவழ்ந்து இறங்கும் பேச்சே இல்லை. நேராக, மொத்தமாக, ஒரே விழுதல்.

இங்கேதான் செல்போனின் குணம் தெரியவரும். அதன் தானியங்கி மூளை நம் வீட்டுக் கூடத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் பழகியது. சுற்றிலும் கரும்பாறை, நடுவே வெள்ளைத் தண்ணீர் என்றால், பாறை தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. அருவி, சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். திரையில் தண்ணீரின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்ட வேண்டும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீருக்குள் இழை இழையாக நரம்பு தெரிகிறது. அகன்ற லென்ஸுக்கு மாறினால் அருவி முழுவதும் அடங்கும். ஆனால் அதன் உயரம் செத்துவிடும். நான் வெகுதூரம் பின்னால் போய், டெலி லென்ஸில், அருவியின் காலடியில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் நடந்து போவதை எடுத்தேன். எறும்புபோல இருந்தாள். அந்த 60 மீட்டர் அந்த ஒரு துண்டில்தான் இருக்கிறது. போனை ஆட்டவில்லை, திருப்பவில்லை. நிலமே இவ்வளவு அசையும்போது கை அசைவது அதிகப்பிரசங்கித்தனம்.

வழியில் ஃபியாத்ரார்கிளுஃபுர் பள்ளத்தாக்கு. பாடகர் ஜஸ்டின் பீபர் 2015இல் வெளியிட்ட ஒரு பாடல் வீடியோவில் அது வந்தது. அப்புறம் கூட்டம் கூட்டமாக ஆட்கள் அதே கோணத்தைத் தேடி வந்து பாசியை மிதித்து நாசமாக்கினார்கள். 2019இல் பள்ளத்தாக்கையே சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. அந்தப் பாசி மிக மெதுவாக வளர்வது. கேமரா ஒன்றும் எடுத்துக்கொண்டு போவதில்லை என்று சொல்வோர் இதைப் பார்க்க வேண்டும்.

இன்னும் கிழக்கே யோகுல்சார்லோன் ஏரி. 1930களுக்கு முன் அது இல்லை. வாட்னாயோகுட்ல் பனிப்பாளத்தின் ஒரு நாக்கு உருகிப் பின்வாங்க, அது விட்ட பள்ளத்தில் நீர் நிறைந்தது. ஆழம் 240 மீட்டருக்கும் மேல். 2002இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக, கடல்நீர் வராதபடி வாயை அடைத்து ஏரியையே உறையவைத்து அதன்மேல் கார் ஓட்டினார்கள். என் சட்டைப்பைக் கேமராவுக்கு அந்த வசதியில்லை. மிதந்து வந்த பனிமலைகளை வந்தபடியே எடுத்தேன். அவற்றின் நீலம் கண்ணைப் பறிக்கிறது. குமிழி இல்லாமல் இறுகிய பனி, ஒளியின் சிவப்பை விழுங்கிவிடுவதால் வரும் நிறம். போனுக்கோ இவ்வளவு நீலம் ஏதோ கோளாறு என்று பட்டு, வெள்ளையாக்கித் 'திருத்தி'விடுகிறது. வைட் பேலன்ஸைப் பூட்டுகிற செயலி ஒன்று இல்லாமல் அங்கே போவது வீண்.

டைம்லாப்ஸ் வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தோம். பனிமலைகள் ஏரியின் வாய்வழியாகக் கடலுக்குப் போவதும், அலை அவற்றை உடைத்துக் கருமணலில் எறிவதுமாக இருந்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். படம் எடுக்காத நேரத்தில் போனை உள்பையில் உடம்பை ஒட்டி வைத்துக்கொள்வதே வழி.

திரும்பும் வழியில் ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரை. எரிமலைக் குழம்பு அறுகோணத் தூண்களாக இறுகிய பாறைச்சுவர், அதன்முன் கரியாய்க் கருத்த மணல். இங்கேயும் போன் மணலைச் சாம்பலாக வெளுக்கப் பார்க்கும். வெளிச்சத்தை நன்றாக இறக்குங்கள். ஆனால் அதைவிடப் பெரிய பொய் ஒன்றைத் திரை சொல்லும். அகன்ற லென்ஸில் அலை தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். நான் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது நண்பன் கத்தினான்: "டேய், திரையைப் பார்க்காதே, கடலைப் பார்!" அடுத்த அலை, முன்னதைவிடப் பல மடங்கு மேலேறி வந்தது. அந்தக் கரையில் பயணிகள் பலர் இப்படி இழுத்துச் செல்லப்பட்டு இறந்திருக்கிறார்கள். அதற்காகவே எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் சிவப்பு எரிந்தால் மணலில் இறங்காதீர்கள். எந்த விளக்கு எரிந்தாலும், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்காதீர்கள்.